மூன்று கிராம் தூண்டில்

தூண்டில்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கிலோவில்தான் போய் நிற்கும். அந்தமானில் இத்தனை கிலோ பாறை மீன், காவிரியில் இத்தனை கிலோ கெண்டை. எனக்கு இப்போது கணக்கெல்லாம் கிராமில். நரம்பின் நுனியில் நான் கட்டுகிற லூரின், அதாவது செயற்கை இரையின், எடை மூன்று கிராம், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. அதைப் பெய்ட் காஸ்டிங் ரீலில் எறிந்து பிடிப்பதுதான் செங்கல்பட்டு மாவட்டத்துத் தண்ணீருக்குப் பொருத்தமான தூண்டில் என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் நம் தண்ணீரிலேயே இருக்கிறது. கொளவாய் ஏரிக்கரையிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடலாம். வழியெல்லாம் ஏரியும் குளமும். கடலை நெருங்கும்போது பக்கிங்ஹாம் கால்வாயின் உப்புத் தண்ணீர். வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம், தெற்கே வாயலூரில் தடுப்பணையைத் தாண்டிப் பாலாறு கடலில் சேரும் இடம். இத்தனை வகைத் தண்ணீர் இவ்வளவு பக்கத்தில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இவற்றில் அன்றாடம் சிக்குவது உள்ளங்கை அளவிலிருந்து முழங்கை அளவு வரையுள்ள மீன்கள்தான். ஏரியில் ஜிலேபி, குரவை, இளம் விரால். கால்வாயில் கீச்சான், ஊடான். கடலோரக் கற்களுக்கிடையில் பாறைக் குஞ்சு, ஊழி. கனத்த ராடில் இவை கடித்ததே தெரியாது. மெல்லிய ராடில் கால் கிலோ பாறை ஒன்று மாட்டட்டும், அது எவ்வளவு வலுவான மீன் என்பது கைக்குத் தெரியும்.

சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். மலையாற்று மகசீர் மீனுக்காக இன்றும் பேசப்படுகிற புத்தகம். அவரே 1887-இல் ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்று ஏரி குளத் தூண்டிலுக்காகத் தனிப் புத்தகம் எழுதியதைப் பலர் அறிய மாட்டார்கள். மகசீரைப் பிடித்தவர் ஏரி மீனுக்குக் கொடுத்த மரியாதையை, ஏரிக்கரையிலேயே பிறந்த நாம் கொடுப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இனி ரீலுக்கு வருவோம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல் சுற்றாது. அசையாமல் நிற்கும் ஸ்பூலிலிருந்து நரம்பு வளையம் வளையமாகக் கழன்று போகும். இங்கிலாந்தின் இல்லிங்வொர்த் என்பவர் 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியதே லேசான தூண்டிலை எறிவதற்காகத்தான். பெய்ட் காஸ்டிங் ரீல் அதற்கு மூத்தது. 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்த பல்சக்கர ரீலின் வம்சம். இதில் பறக்கும் லூர்தான் நரம்பை இழுத்து ஸ்பூலைச் சுழற்ற வேண்டும். லூர் கனமாக இருந்தால் சிக்கலில்லை. மூன்று கிராம் லூருக்குக் கனத்த ஸ்பூலைக் கிளப்பும் சக்தி கிடையாது. அப்படியே கிளம்பினாலும், லூர் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழலும். போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்காகும். பேக்லாஷ் என்பது இதுதான்.

ஜப்பான்காரர்கள் இதைத் தீர்த்த விதம் அழகானது. ஸ்பூலையே 10 கிராமுக்கும் கீழே இளைக்க வைத்தார்கள். ஆழம் குறைத்தார்கள், நாற்பது ஐம்பது மீட்டர் மெல்லிய பிரெய்டு நரம்பு சுற்றினால் போதும் என்று. பக்கத்தில் சிறு காந்தங்களை வைத்தார்கள். அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் அருகே சுழலும்போது அதில் எழும் மின்சுழல் அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும், குறைந்தால் தானே விட்டுக்கொடுக்கும். எறிந்த முதல் நொடியில்தான் பிரேக் அதிகம் தேவை, கடைசியில் தேவையே இல்லை. காந்தம் அதைத் தானாகச் செய்துவிடுகிறது.

மிச்ச வேலை கட்டைவிரலுக்கு. ஸ்பின்னிங் ரீல் சுலபமாக இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அந்தக் கட்டைவிரல்தான். ஏரியில் ஆகாயத்தாமரை ஓரத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் லூர் விழ வேண்டும். அந்தப் பக்கம் விழுந்தால் செடியில் மாட்டும், இரண்டு முழம் தள்ளி விழுந்தால் விரால் திரும்பிக்கூடப் பார்க்காது. பறக்கிற லூரைப் பார்த்துக்கொண்டே சுழலும் ஸ்பூலை விரல் நுனியால் லேசாகத் தொட்டால், லூர் காற்றிலேயே வேகம் தணிந்து சத்தமில்லாமல் இறங்கும். இதை வீட்டு மொட்டை மாடியிலேயே பழகலாம். முள்ளைக் கழற்றிவிட்டு, எதிர்மூலையில் ஒரு வாளியை வைத்து, முதலில் ஏழு கிராம், கை பழகியதும் ஐந்து, பிறகு மூன்று. முதல் நாளே மூன்று கிராமில் தொடங்கினால் சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

லேசான லூருக்கு எதிரி காற்று. நம் கடற்கரையில் அதற்கும் வழி இருக்கிறது. விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும். அப்போது மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து நின்றால் காற்று முதுகில். மூன்று கிராம்கூட நல்ல தூரம் போகும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் அங்கே மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கடலுக்கும் கழிக்கும் நடுவிலுள்ள மணல்மேட்டுக்குப் போய், மேற்கே கழித் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட வேண்டும். மறுபடி காற்று முதுகில்.

கால்வாயில் முதலில் கடிப்பது பெரும்பாலும் கீச்சான். வெள்ளி உடம்பில் வில்லாக வளைந்த கறுப்புக் கோடுகள். கையில் எடுத்தால் அடித்தொண்டையில் உறுமும். செவுள் மூடியில் ஒரு கூரான முள், பிடி தவறினால் விரலைக் கிழித்துவிடும். சந்தையில் பெரிய மதிப்பில்லாத இந்த மீன் மைக்ரோ ஜிக் என்ற குட்டி உலோக லூரைக் கண்டால் கூட்டமாகத் துரத்தும், ஒன்று விட்டால் இன்னொன்று கடிக்கும். கால்வாயின் பல பகுதிகள் 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் வெட்டி இணைக்கப்பட்டவை. கூலிக்காகப் பட்டினி உடம்புகள் வெட்டிய மண் அது. அதில் சாக்கடை கலப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருவது மீனுக்காக மட்டும் இல்லை.

கோவளத்தில் ஒரு பெரியவர் என் லூரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இன்னா தம்பி, எறா இல்லாம தகரத்த போட்டுக்கினு கீற?” என்றார். “தகரத்தையும் துரத்துதுங்க அய்யா” என்றேன். “தொரத்தும். தண்ணி உள்ள ஏறசொல்ல போடாத. வத்தசொல்ல போடு. பொடி மீனெல்லாம் வெளிய வரும், கொடுவா வாய்ல காத்துனு நிக்கும்.” இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரை வைத்துக் கழிமுகத்தின் நடமாட்டம் முழுவதையும் அவர் சொல்லிவிட்டார். எந்த ரீல் பெட்டியிலும் வராத அறிவு அது.

கொடுவாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முட்டுக்காட்டுக் கழியோரத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் வளர்த்து இனப்பெருக்கம் செய்ய வைத்தது அந்த நிறுவனம். இந்த மீன் முதலில் ஆணாக முதிரும், சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆகவே கழிமுகத்தில் சிக்கும் பெரிய கொடுவா அநேகமாகப் பெண், முட்டையிட வேண்டிய தாய். அதைத் தோளில் தூக்கிப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை.

விராலும் அப்படித்தான். ஏரி மேல்மட்டத்தில் சிவந்த குஞ்சுக் கூட்டம் மொய்த்தால் தாயோ தகப்பனோ கீழே காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே தவளை லூரைப் போட்டால் பசியில்லாமலேயே பாய்ந்து கடிக்கும். காவலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரையாகும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதுதான் முறை.

மெல்லிய நரம்பில் ஒரு ஆபத்தும் உண்டு. ரசித்து ரசித்து நெடுநேரம் விளையாட்டுக் காட்டினால் மீன் களைத்து, விட்ட பிறகும் பிழைக்காது. கோடையில் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, ஆபத்து இன்னும் அதிகம். பெரிய கொடுவா வரும் என்று தெரிந்த இடத்தில் மூன்று கிராம் ராடை நான் எடுப்பதில்லை.

முட்டுக்காடு, கோவளம் கழிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். அவர்கள் இருக்கும் பக்கம் முள் எறியவே கூடாது. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய உலை.

இந்த வாரம் ராடு எடுத்துக் கிளம்புகிறவர்களுக்கு: ஏரி என்றால் மீன் குத்தகைதாரரிடம் முதலில் கேளுங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகளுக்கு உரியவை, அங்கே வேண்டாம். முள்ளின் நுனிக்குக் கீழுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். அறுந்த நரம்பை ஒரு முழம்கூட விடாமல் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள், கொக்கின் காலில் சுற்றினால் அது அவிழ்க்க முடியாத கண்ணி. பெரிய கொடுவா கிடைத்தால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.