திரும்பப் பெறும் மாத்திரை, திரும்பி வராத அட்டை

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையின் சில பேட்ச்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுமாறு 2020 மே மாத இறுதியில் ஐந்து நிறுவனங்களிடம் சொன்னது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ. சாதாரண மாத்திரை அல்ல, மெல்லக் கரையும் 'எக்ஸ்ஆர்' வகை மட்டும். லூபின், மார்க்சன்ஸ் ஆகிய இந்திய நிறுவனங்களும் அந்த ஐந்தில் அடக்கம். காரணம், என்டிஎம்ஏ என்ற வேதிமாசு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுவது.

இதை யாரும் வெளியிலிருந்து கலக்கவில்லை. மெட்ஃபார்மின் தயாரிப்பிலேயே டைமெத்திலமின் மூலப்பொருள். அதன் மிச்சம் நைட்ரைட்டோடு சேர்ந்தால் என்டிஎம்ஏ உருவாகிவிடும். ஏற்கத்தக்க வரம்பு நாளொன்றுக்கு 96 நானோகிராம். அந்த அளவை 70 ஆண்டுகள் தினமும் உட்கொண்டால் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கில் வகுத்தது அது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சர்க்கரை எகிறுவதற்கோ 70 ஆண்டுகள் தேவையில்லை. மாற்று மருந்து கைக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள் என்று எஃப்டிஏ சொன்னது அதனால்தான். 'சுகர் மாத்திரையில் புற்றுநோய்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் அந்த வரி இருக்காது.

எனக்கு மாசைவிட, அது வெளிவந்த விதம்தான் முக்கியமாகப் படுகிறது. 2019 டிசம்பரில் சிங்கப்பூர், தன் சந்தையில் இருந்த 46 மெட்ஃபார்மின் மருந்துகளைச் சோதித்து மூன்றைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் எஃப்டிஏ, தான் சோதித்த மாதிரிகளில் வரம்பு மீறல் இல்லை என்றது. அடுத்த மாதமே வாலிஷூர் என்ற தனியார் நிறுவனம், 38 பேட்ச்களில் 16 வரம்பைத் தாண்டுவதாக எஃப்டிஏவிடம் மனுப் போட்டது. அதன் அளவீடுகளில் சில மிகை என்று எஃப்டிஏ பிறகு காட்டியது உண்மை. ஆனாலும் மூன்று மாதத்துக்குள் மாத்திரைகள் திரும்பின. தேடியவர்கள் கண்டார்கள். திரும்பப் பெறும் அறிவிப்பே வராத சந்தை சுத்தமானது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வரம்பு என்பதும் கல்வெட்டு அல்ல. 2022இல் சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தில் என்டிடிபி என்ற மாசு தென்பட்டபோது, எஃப்டிஏவில் அதற்குரிய 37 நானோகிராம் என்ற வரம்பைத் தற்காலிகமாக 246.7 வரை தளர்த்தினார்கள், மருந்துத் தட்டுப்பாடு வந்துவிடக் கூடாதே என்று. அது சரியான முடிவுதான். காரணத்தையும் எண்ணையும் ஊரறியச் சொன்னார்களே, நாம் கேட்க வேண்டியது அந்த வெளிப்படைத்தன்மையை.

இந்தியாவிலும் திரும்பப் பெறுதலுக்கு மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஆறு மாத்திரை கொடுக்கிறார். பேட்ச் எண் அச்சிட்ட ஓரம் கடையிலேயே நின்றுவிடுகிறது. பில்லில் அந்த எண் இருக்க வேண்டும் என்பது விதி. பில் கேட்பவர்தான் குறைவு. நாளைக்கே ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொன்னால், அது யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.