முகாமுக்குள் நடத்துவது நீதிமன்றமா?



குடிமகனைக் கைது செய்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தவேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட குடியுரிமை இல்லாதவருக்கு 14 நாள். அரசியலமைப்பின் 5-வது பிரிவே இப்படிப் பிரிக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்த நம் தோட்டப் பிள்ளையை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

சிறப்பு நீதிமன்றம் வந்தால் வழக்கு சீக்கிரம் முடியுமாம். தடுப்பு முகாம்களுக்குள்ளேயே அதை நடத்திப் பார்த்தாயிற்றே! வக்கீல் இல்லாதவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம்தான் முடியும். அனுமதியின்றி நுழைந்தால் 5 ஆண்டு சிறை, 6 ரோத்தான் வரை உண்டு. போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழருக்கும் அதே சட்டம்தான். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை.

தனி நீதிமன்றம் வேண்டும்தான். ஆனால் முகாமுக்கு வெளியே, வக்கீலோடு, தமிழில் மொழிபெயர்ப்போடு. ‘திருப்பி அனுப்பினால் உயிர் மிஞ்சுமா?’ என்பதே அதன் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அதுவரை, தெரிந்தவர் யாராவது பெக்கான் நெனாஸ் முகாமில் இருந்தால், வக்கீலைப் பார்க்காமல் ‘மெங்காக்கு சாலா’ சொல்லவேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள்.