'சும்மா உதறி விட்டுடும்' என்பது பொய்

ஏரியூர்ப் பக்கம் கடலைக் கொல்லைக்கும் மரவள்ளிக்கும் ராத்திரியில் காவல் கிடப்பவர்களிடம் மின்வேலியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கொல்லாதுங்க, சும்மா உதறி விட்டுடும். பன்னி ஒருதரம் பட்டுச்சுன்னா அப்புறம் இந்தத் திக்குக்கே வராது" என்பார்கள். எந்த வேலியைச் சொல்கிறார்கள் என்று உடனே அடுத்த கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். பேட்டரியும் பெட்டியும் வைத்த சோலார் வேலியையா? மோட்டார் கொட்டகை ஃபியூஸ் கட்டையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, குச்சி நட்டுக் கட்டிய கட்டுக்கம்பியில் முறுக்கிவிட்ட வேலியையா? இரண்டுக்கும் ஊரில் புழங்குவது ஒரே பேச்சுதான். முதல் வேலி உதறிவிடும், உண்மை. இரண்டாவது வேலி உதறாது. பிடித்துக்கொள்ளும், கொல்லும். இரண்டும் ஒன்று என்று நம்புவதால் எத்தனை உயிர் போனாலும் அந்த நம்பிக்கை மட்டும் சாகாமல் இருக்கிறது.

2023 மார்ச் 7 அதிகாலை, இதே தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் ஒரு விவசாய நிலத்தில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. பயிருக்குக் காவலாகத் திருட்டுத்தனமாகக் கரண்டு விட்ட வேலி. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. டன் கணக்கில் எடையுள்ள உடம்புக்கே அந்தக் கதி என்றால், விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துக் கொல்லைக்காரர் உடம்பு எம்மாத்திரம்? 2019-20 முதல் ஐந்தாண்டுகளில் மின்சாரம் தாக்கி இறந்த யானைகள் நாடு முழுவதும் 392 என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. ரயில், வேட்டை, விஷம் என்று மனிதனால் வந்த சாவுகளில் இதுதான் பெரும்பங்கு.

எல்லாப் பழியையும் விவசாயி தலையில் கட்டுவது நியாயமில்லை. அதே மார்ச் மாதம் 18ஆம் தேதி கம்பைநல்லூர்ப் பக்கம் ஏரிக்கரை ஏறிய ஒரு யானை, தாழ்வாகப் போன மின்பாதைக் கம்பியில் உரசிச் செத்தது. அது எந்த விவசாயியும் கட்டிய கம்பி இல்லை. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் கடலைக் கொல்லையை உழுதுபோட்டுப் போவதும், நஷ்டஈட்டுக்கு அலைந்தே செருப்பு தேய்வதும் நிஜம். அந்தக் கோபத்தில் எனக்குச் சண்டை இல்லை. கோபத்துக்குத் துணையாக வரும் அந்தப் பொய்க் கணக்கோடுதான் சண்டை. "கொல்லத்தான் போட்டேன்" என்று சொல்கிறவர் குறைவு. "கொல்லாது என்று நினைத்துப் போட்டேன்" என்பவர்தான் அதிகம். நினைப்பு எங்கே பிசகுகிறது என்று பார்த்தால், பத்தாம் வகுப்புப் பாடத்துக்குள்ளேயே விடை கிடைக்கிறது.

முதல் பிசகு வோல்ட்டு மயக்கம். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் மண்டையோடு வரைந்த பலகை 11,000 வோல்ட் என்று மிரட்டுகிறது. வீட்டுக்கு வருவது வெறும் 230. ஆகவே அது கொல்லும், இது உதறும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்குச் சரி என்றால், சோலார் வேலி இந்நேரம் பல ஊர்களைக் காலி செய்திருக்க வேண்டும். அதன் கம்பியில் துடிப்பது எட்டாயிரம், ஒன்பதாயிரம் வோல்ட். மொபெட்டின் ஸ்பார்க் பிளக் ஒயரில் கைபட்டுவிட்ட மெக்கானிக் அதற்கும் மேலே வாங்கிக்கொண்டு, ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்.

மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கும் நாகமரை, ஒட்டனூர்க் கரையில் இருப்பவர்களுக்கு இதை அந்த அணையை வைத்தே சொல்லலாம். 120 அடி உயரத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்தால் திடுக்கிடுவோம், அவ்வளவுதான். பத்தடித் தண்ணீர் நிற்கும் மதகை முழுசாகத் திறந்துவிட்டு எதிரே நின்றால் உடம்பு கிடைக்காது. உயரம்தான் வோல்ட். உயிரைத் தீர்மானிப்பது எவ்வளவு பாய்ந்தது, எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதுதான்.

சோலார் வேலியின் பெட்டி சொம்பை மட்டும் ஊற்றும்படி கட்டுப்படுத்தப்பட்டது. ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தரக்குறியீடு அதற்கென்றே இருக்கிறது. 500 ஓம் தடையில் ஒரு துடிப்புக்கு 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் போகக் கூடாது. துடிப்பு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும். அடுத்த துடிப்புக்கு முன் ஒரு விநாடியாவது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் பன்றி ஓடுகிறது, யானை பின்வாங்குகிறது, நாம் கையை எடுக்கிறோம்.

இங்கே ஒரு துணைப் பொய்யும் உண்டு: சோலார் கரண்டு சாது, ஈபி கரண்டு முரடு என்பது. சூரியனுக்கும் இந்தச் சாதுத்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேனல் செய்வது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது மட்டும்தான். உயிரைக் காப்பது நடுவில் இருக்கும் அந்தப் பெட்டி. பேட்டரி செத்துப்போன சோலார் வேலியில், "ஒரு வாரத்துக்குத்தானே" என்று பெட்டியைக் கழற்றிவிட்டு நேரடியாக லைனைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது அதே சோலார் வேலி. பேனல்கூட மேலே பளபளத்துக்கொண்டிருக்கும். நேர் லைன் வேலியைவிட இது மோசம், ஏனென்றால் தெரிந்தவனும் நம்பித் தொடுவான்.

நேர் லைனில் வருவது என்ன? 50 ஹெர்ட்ஸ் அலை. விநாடிக்கு ஐம்பது முறை மேலேறிக் கீழிறங்கும், அதாவது நூறு முறை திசை மாறும். நம் நரம்பும் தசையும் மின் குறிப்புக்கு இயங்குபவை. ஒரு துடிப்பு வந்தால் தசை ஒருமுறை சுண்டி இழுத்துத் தளரும். விநாடிக்கு நூறு தட்டு தட்டினால் தளர நேரமே இல்லை, சுருங்கியது சுருங்கியபடி நிற்கும். கையை மடக்கும் தசை விரிக்கும் தசையைவிட வலுவானது. அதனால்தான் கம்பியைப் பிடித்தவன் விடுவதில்லை. விடச் சொல்லி மூளை கத்துகிறது, கை கேட்பதில்லை. "கரண்டு இழுத்துப் பிடிச்சிக்கும்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்த விஷயத்தில் ஊர்ப்பேச்சு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதே வாய்தான் வேலி என்று வரும்போது "உதறி விட்டுடும்" என்கிறது.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற மின்பொறியாளர் தன்னார்வலர்களை வைத்தே இதை அளந்தார். பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற உச்ச அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் பிடி விடாது. மார்புத் தசையும் இறுகினால் மூச்சு நிற்கும். ஐம்பது, நூறு மில்லி ஆம்பியர் மார்பு வழியே போனால் இதயம் தாளம் தப்பி, ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். அதிலிருந்து அது தானாக மீள்வது அரிது.

சரி, 230 வோல்ட் எத்தனை மில்லி ஆம்பியரைத் தரும்? ஜார்ஜ் ஓம் 1827இல் எழுதிய விதிப்படி வோல்ட்டைத் தடையால் வகுத்தால் போதும். வீட்டில், காய்ந்த விரல் நுனியில், காய்ந்த தரையில் நின்றால் தடை ஐம்பதாயிரம் ஓம்கூட இருக்கும். வகுத்தால் ஐந்து மில்லி ஆம்பியருக்குள் வரும். சுரீர் என்கும், கையை இழுத்துக்கொள்வோம். "எனக்கு எத்தனையோ தடவை அடிச்சிருக்கு, என்ன ஆயிடுச்சு?" என்று டீக்கடையில் மார்தட்டுகிறவர் அனுபவம் இதுதான். அதே ஆள் தண்ணீர் பாய்ந்த வயலில் வெறுங்காலோடு நடந்து, நனைந்த கெண்டைக்கால் கம்பியில் பட்டால் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது ஓடுவது 230 மில்லி ஆம்பியர். வோல்ட் மாறவில்லை, மனிதர் மாறவில்லை, கரண்டு ஐம்பது மடங்கு. பிழைத்தவர் மட்டுமே டீக்கடைக்கு வந்து அனுபவம் சொல்கிறார் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

"அப்படி ஆச்சுன்னா ஃபியூஸ் போயிடுமே, ட்ரிப்பர் விழுந்துடுமே" என்பது கடைசிக் கோட்டை. படித்தவர்களும் இதற்குள்தான் ஒளிந்துகொள்கிறார்கள். ஃபியூஸும் ட்ரிப்பரும் மனிதனைக் காக்க வைத்தவையே அல்ல. ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்ப்பதுதான் அவற்றின் வேலை. 16 ஆம்பியர் ட்ரிப்பர் 16 ஆம்பியர் வரை வாயைத் திறக்காது. ஆளைக் கொன்ற 230 மில்லி ஆம்பியர் அதில் எழுபதில் ஒரு பங்கு. யானை விழுந்து, மொத்தத் தடை நூறு ஓமாகவே குறைந்தாலும் ஓடுவது இரண்டேகால் ஆம்பியர், ஒரு இஸ்திரிப் பெட்டி இழுப்பதைவிடக் குறைவு. இஸ்திரிப் பெட்டிக்கு விழாத ட்ரிப்பர் யானைக்கு மட்டும் எப்படி விழும்? மோட்டார் கொட்டகையிலோ ஃபியூஸ் கட்டையில் பலர் முறுக்கி வைத்திருப்பது தடித்த செம்புக் கம்பி. அது எதற்கும் போகாது.

மனிதனைக் காக்கும் கருவி வேறு. ஆர்.சி.டி. என்பார்கள், கடைக்காரர் ஆர்.சி.சி.பி. என்று எடுத்துத் தருவார். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கு உதைத்தால் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். நேர் லைன் வேலியை இதன் வழியாகக் கொடுத்துப் பாருங்கள், ஈரப்புல் நாலு உரசினாலே விழுந்துவிடும், வேலி நிற்காது. அதனால் நேர் லைன் வேலி நிற்கிற இடத்தில் ஆர்.சி.டி. வேலை செய்யவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

"ஒரே ஒயர்தானே இழுத்திருக்கேன், நியூட்ரல் குடுக்கலையே, சர்க்யூட் எப்படி ஆகும்?" என்றும் கேட்பார்கள். மூளையுள்ள கேள்வி. கம்பியில் உட்கார்ந்த காக்கை சாகாதது இதனால்தான், அதற்குத் திரும்பும் வழி இல்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலை ஈபிக்காரர்கள் மண்ணில் எர்த் செய்திருக்கிறார்கள். நீங்கள் இழுக்காத இரண்டாவது ஒயர் உங்கள் காலடி மண்தான். நனைந்த மண் இன்னும் நல்ல ஒயர். தரையில் நிற்கும் எதுவும் காக்கை இல்லை.

நம் பாடப்புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறை. பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்துகிறோம். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று மின்தடையங்களை வரிசை வரிசையாகக் கூட்டிப் பார்க்க வைக்கிறோம். அந்தத் தடையத்தின் இடத்தில் ஈரக்கால் ஒன்றை வைத்து ஒரே ஒரு கணக்குப் போட வைக்க ஏன் தயங்குகிறோம்? பென்னாகரம், ஏரியூர் வட்டாரத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட உயிரோடு ஒட்டிய கணக்கு வேறு இருக்க முடியாது. மதிப்பெண்ணுக்கு விதியை ஒப்பிக்கும் அந்தப் பிள்ளைதான் ராத்திரியில் அப்பாவுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்சாரத் திருட்டுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம், யானைக்கு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம், வேலிக்கென்றே தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு, ஒழுங்குமுறை விதிகள் 2023. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் சோலார் வேலி போடுவதற்கே வனத்துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும். ஏரியூர் ஒன்றியத்தில் காட்டை ஒட்டிய கொல்லைகளெல்லாம் இதில் அடங்கும். ஆனால் சட்டம் வருவது பிணம் விழுந்த பிறகு. அதற்கு முன் வேலை செய்ய வேண்டியது புத்தி. நேர் லைன் வேலிக்கு 'பயமுறுத்தும் வேலி' என்ற சலுகைப் பெயரை ஊர் முதலில் பிடுங்க வேண்டும். அது கொலைப்பொறி. யார் வந்து விழுவார் என்று போட்டவருக்கே தெரியாத பொறி, சில வேளை போட்டவரே விழும் பொறி.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் கொட்டகையிலிருந்து வேலிக்கு ஒரு ஒயர் போவதைக் கண்டால் தொட்டுப் பார்க்காதீர்கள், டெஸ்டரோடு கிட்டே போகாதீர்கள், நீங்களே கழற்றவும் முனையாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். இடத்தைச் சொல்லிவிட்டு, லைன்மேன் வந்து லைனை நிறுத்தும்வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் நில்லுங்கள்.