திருத்தணியில் ஒரு விலை, நகரியில் ஒரு விலை: எல்லை தாண்டினால் பெட்ரோல் ரேட் ஏறுவது ஏன்?

திருத்தணியிலிருந்து திருப்பதி ரோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் ஆந்திராவின் நகரி வந்துவிடும். அதே கம்பெனி, அதே பெட்ரோல். ஆனால் பங்க்கில் விலை மட்டும் லிட்டருக்கு எட்டு ரூபாய் அளவுக்கு அதிகம். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேராமல் போயிருந்தால் இங்கேயும் அந்த ரேட்தான். எல்லைக்காகப் போராடிய ம.பொ.சி. இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை!

இந்த வித்தியாசம் எண்ணெய் நிறுவனம் போடுவதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே விடப்பட்டன. மத்திய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றுதான். அதற்கு மேல் மாநிலங்கள் போடும் வாட் வரிதான் ஊருக்கு ஊர் மாறுது.

2024 நிலவரப்படி, தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். ஆந்திராவில் 31 சதவீதம், அதோடு கூடுதல் வாட் 4 ரூபாய், சாலை மேம்பாட்டு செஸ் 1 ரூபாய்.

ஒரு சின்ன கணக்கு. மாநில வரிக்கு முந்தைய விலை 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வரி 21.92 ரூபாய், விலை 101.92. ஆந்திர வரி 29.80 ரூபாய், விலை 109.80. வித்தியாசம் 7.88.

இப்போ கச்சா எண்ணெய் விலை ஏறி அந்த 80 ரூபாய் 100 ஆகிறது. தமிழ்நாட்டு வரி 24.52 ஆகும், ஆந்திர வரி 36 ரூபாய்க்குப் போய்விடும். வித்தியாசம் 11.48. எந்த அரசும் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை, ஆனாலும் இடைவெளி கூடிவிட்டது. சதவீத வரி விலையோடு சேர்ந்து தானாகவே ஏறும். லிட்டருக்கு இவ்வளவு என்ற வரி அசையாமல் நிற்கும். தமிழ்நாடு 2020 மே மாதத்தில்தான் முழு சதவீத முறையிலிருந்து இந்தக் கலவை முறைக்கு மாறியது. இன்னொன்று, அந்த 80 ரூபாய்க்குள் மத்திய கலால் வரியும் இருக்கு. அதாவது வரிக்கு மேல் வரி.

அப்போ நகரிக்காரர்கள் எல்லாம் திருத்தணி வந்து டேங்க்கை நிரப்பிக்கலாமே? பைக்கில் 5 லிட்டர் போட்டால் மிச்சம் சுமார் 40 ரூபாய். போக வர 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் அதற்கே 68 ரூபாய் பெட்ரோல் செலவு. நேரம் தனி. வேலை வேறு இருந்து வந்தால் சரி, இதற்காகவே வந்தால் நஷ்டம்.

லாரிக்குக் கணக்கே வேற. டீசலில் வித்தியாசம் குறைவுதான். ஆனால் சென்னையிலிருந்து திருப்பதி போகும் லாரி எப்படியும் இந்த வழியாகத்தான் போகுது. லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம் என்றாலும் 300 லிட்டருக்கு 1,200 ரூபாய். கூடுதல் செலவு பூஜ்ஜியம். விலை குறைந்த இடத்தில் வாங்கி ஆதாயம் பார்க்கும் இந்த வேலையைப் பொருளாதாரத்தில் ஆர்பிட்ரேஜ் என்பார்கள். பெரிய டேங்க் உள்ளவருக்கே அது கட்டுப்படியாகும்.

இதில் ஆந்திர அரசுக்கு நஷ்டம் வெறும் 8 ரூபாய் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் நிரப்பப்படும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் அதற்கு வரவேண்டிய 29.80 மொத்தமும் போச்சு. எல்லையோர ஆந்திர பங்க்காரருக்கு வியாபாரமும் போச்சு. தமிழ்நாடு சிரிக்க வேண்டியதில்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்து வண்டிகள் விலை குறைவு என்று புதுச்சேரியில் டேங்க் நிரப்பும்போது இதே நஷ்டம் நமக்கு.

பிறகு ஏன் வரியைக் குறைப்பதில்லை? மாநிலத்தின் பெரும்பாலான மக்கள் எல்லையில் இல்லை. விலை ஏறினாலும் ஆபீஸ் போக வண்டி எடுத்தே ஆகணும். விற்பனை பெரிதாகக் குறையாத பொருளில் வரி போடுவது எந்த நிதியமைச்சருக்கும் வசதி. குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கு. 2021 ஆகஸ்ட் 13 பட்ஜெட்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அப்போதே சொல்லப்பட்டது. அடுத்த மாதம் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பெட்ரோலியப் பொருட்களை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர இது நேரமில்லை என்று முடிவெடுத்தது. ஜிஎஸ்டி வந்தால் எல்லை வித்தியாசம் போகும். கூடவே, சொந்தமாக வரியைக் கூட்டவோ குறைக்கவோ மாநிலங்களிடம் மிச்சமிருக்கும் பெரிய உரிமைகளில் ஒன்றும் போகும்.

மாநிலங்கள் அந்த உரிமையை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஹோட்டலில் சாப்பிட்டால்கூட பில்லில் ஜிஎஸ்டி தனியாகத் தெரியுது. பங்க் ரசீதில் லிட்டர், ரேட், மொத்தத் தொகையோடு முடிந்துவிடுகிறது. மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று இரண்டு வரி அச்சடிக்கத் தனிச் சட்டத் திருத்தமோ ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டமோ தேவைப்படாது. சென்னையும் டெல்லியும் அதையாவது செய்யலாம்.