நாணயம் குடியிருக்கும் இடம்

சென்னைக்கு வருகிற வெளியூர் நேயர்கள் ஒரு காலத்தில் உயிர்க் காலேஜையும் செத்த காலேஜையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை. ஆனால், "பாங்கிக் கட்டடத்தைப் பார்க்க வந்தோம்" என்று எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. பணம் போடப் போகிறவர் மடியைப் பார்த்துக்கொண்டு போகிறார். கடன் கேட்கப் போகிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறார். தலையை நிமிர்த்திக் கட்டடத்தைப் பார்க்க யாருக்கு அவகாசம்? அந்தக் குறையைத் தீர்க்க இந்த வாரம் நேயர்களை ராஜாஜி சாலைக்கு அழைத்துச் செல்கிறோம்.

பாரி முனையிலிருந்து வடக்கே நடந்தால் அந்தச் செங்கல் மாளிகை கண்ணில் படும். இன்று ஸ்டேட் பாங்கியின் சென்னைப் பிரதான கிளை அங்கே இருக்கிறது. முன்னாளில் இச்சாலைக்கு எதிரே கடல் அலை வந்து மோதிற்று. முதல் கடற்கரை வரிசை என்று பெயர் வந்ததும் அதனால்தான். துறைமுகம் ஏற்பட்ட பின் கடல் கிழக்கே ஒதுங்கிவிட்டது. கப்பலில் வந்திறங்கிய வர்த்தகர்களை வரவேற்ற கட்டடங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

மதராஸ் பாங்கிக்காக 1897-ல் எழுந்த மாளிகை இது. கர்னல் ஸாமுவேல் ஜேக்கப் வகுத்த திட்டத்தை ஹென்றி இர்வின் திருத்தியமைத்தார். கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். ஹைக்கோர்ட்டையும் எழும்பூர்க் கன்னிமரா நூல்நிலையத்தையும் நமக்குத் தந்த கைகளும் இவைதாம். மொகலாய பாணிக் கவிகைகளும் வளைவுகளும் மேலே. மேனாட்டுக் கணக்கறை உள்ளே. இந்தோ ஸாரஸெனிக் என்று இந்தக் கலப்புக்குப் பெயரிட்டார்கள். உள்ளே நுழைந்தால் உயர்ந்த மண்டபம். மேலிருந்து வர்ணக் கண்ணாடி வழியே ஒளி இறங்குகிறது. கோயில் மண்டபத்தில் நிற்பது போன்ற அடக்கம் தானே வந்துவிடுகிறது. மூலஸ்தானத்துக்குப் பதில் இரும்புப் பெட்டி என்பது ஒன்றே வித்தியாசம்!

பணத்தை எண்ணுவதற்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. போட்ட பணத்துக்குச் சட்டம் பொறுப்பேற்காத காலம் அது. "நாங்கள் நேற்று வந்து நாளைக்கு ஓடிப் போகிறவர்கள் அல்ல" என்று ஜனங்களுக்குச் சொல்லக் கட்டடத்தைவிட உரத்த குரல் வேறு இல்லை. மதராஸ் பாங்கிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளத் தகுதியும் இருந்தது. 1843 ஜூலை 1-ந் தேதி 30 லட்சம் ரூபாய் மூலதனத்துடன் தொடங்கிய ஸ்தாபனம் அது; 1861-ல் சர்க்கார் அந்த உரிமையைத் தாமே எடுத்துக்கொள்ளும் வரையில் சொந்தமாக நோட்டுகளும் வெளியிட்டு வந்தது.

ஆனால் கட்டடத்தின் பேச்சை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சியும் இதே சாலையிலேயே இருந்தது. ஆர்பத்நாட் கம்பெனி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கௌரவம் உடையது. பென்ஷன்காரரும் வக்கீலும் மிராசுதாரும் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி ஊக வியாபாரத்தில் இறங்கிப் பெருநஷ்டம் அடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். 1906 அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் கதவு அடைபட்டது. தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதனால் பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் வீடு திரும்பிற்றா? மாளிகை ஒரு கல்லும் நகராமல் நின்றது. அதற்குள்ளிருந்த நாணயம் மட்டும் போய்விட்டது.

"நாணயம்" என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரண்டு பொருள் வைத்த நம் முன்னோர் சாமானியர்கள் அல்லர். முதலாவது இரண்டாவதன் நிழலில்தான் தங்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்த அடியிலிருந்து நன்மையும் விளைந்தது. பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், நம்மவர் பணத்தை நம்மவரே காக்கவேண்டும் என்று புறப்பட்டார். பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கிய அதே பெரியவர்தான். நண்பர்களும் நகரத்தார் பிரமுகர்களும் தோள் கொடுக்க, 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கி பதிவாயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அது வேலை தொடங்கிற்று. சரியாக நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெறும் என்று அன்று யார் கண்டார்கள்? புதிய பாங்கிக்குக் கவிகை இல்லை. வர்ணக் கண்ணாடி இல்லை. பட்ட அடியும் எடுத்த உறுதியுமே அதன் அஸ்திவாரம். பின்னர் ஆர்பத்நாட் கம்பெனி இருந்த இடத்தையே அது வாங்கித் தன் தலைமைக் காரியாலயமாக்கிக்கொண்டது. அந்தப் பழைய மாளிகை இன்று இல்லை.

செங்கல் மாளிகையோ பெயரை மாற்றிக்கொண்டே நிலைத்திருக்கிறது. 1921-ல் மதராஸ், வங்காளம், பம்பாய்ப் பாங்கிகள் மூன்றும் ஒன்றாகி இம்பீரியல் பாங்கி ஆயின. 1955-ல் அது தேசத்தின் உடைமையாகி ஸ்டேட் பாங்கி ஆயிற்று. அதுவும் ஒரு ஜூலை 1-ந் தேதிதான்! 2014 ஜூலையில் தீப்பிடித்து மாளிகையின் ஒரு பகுதி எரிந்தபோது, அதுவரை நிமிர்ந்து பார்க்காதவர்களும் நின்று பார்த்தார்கள். இழக்கப் போகும் வேளையில்தான் நமக்குப் பொருளின் அருமை தெரிகிறது.

போட்ட பணத்துக்கு இப்போது சட்டக் காப்பு உண்டு. 1962-ல் தொடங்கிய அந்த ஏற்பாடு, 2020 முதல் ஒரு பாங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. ஆகவே கட்டடம் ஜாமீன் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. கைக்கு அடங்கிய கருவியிலேயே கணக்கு நடக்கிறபோது மண்டபம் எதற்கு என்று கேட்பாரும் உண்டு. நாம் சொல்வது இதுதான்: வரவு செலவுக் கணக்கைப் பார்த்துப் பணத்தைப் போடுங்கள்; ஆனால் குழந்தைகளை ஒரு நாள் ராஜாஜி சாலைக்கு அழைத்துப் போங்கள். நிற்கிற மாளிகையைக் காட்டுங்கள். இல்லாமற்போன மாளிகையின் கதையையும் சொல்லுங்கள். நாணயத்தின் இரண்டு பொருளும் அவர்களுக்குச் சேர்ந்தே விளங்கும்.