ஏரிக்கரையில டெண்ட் போட வர்றவங்களுக்கு

நடவு வேலையில மாட்டிக்கிட்டதால ஒரு மாசமா இந்தப் பக்கமே வர முடியல. இன்னிக்கி எழுத உக்காந்ததுக்குக் காரணம் என் அண்ணன் மகன். எங்க ஊர் ஏரியில படகு விடணும், கரையில கூடாரம் போட்டு வாடகைக்கு விடணும்னு மனு எழுதி வெச்சிருக்கான். ஜனவரி 26 கிராம சபையில குடுக்கப் போறானாம். எனக்கு அதுல சம்மதம் இல்ல. ஏன்னு சொல்றேன், பட்டணத்துல இருக்கற நீங்களே படிச்சிட்டு சொல்லுங்க.

எங்க ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம். பேரை எழுத மாட்டேன். எழுதினா வர்ற சனிக்கிழமையே நாலு கார் வந்து நிக்கும்.

அவனுக்கு இந்த எண்ணம் வந்ததே என் மச்சான் பையன் அனுப்பின போட்டோவாலதான். அந்தப் பையன் அமெரிக்காவுல பீனிக்ஸ்ல வேலை பாக்கறான். சுத்தி முழுக்க கள்ளிச்செடி, மொட்டை மலை. நடுவுல கடல் மாதிரி தண்ணி. கரையில கூடாரம், தண்ணியில படகு, தூண்டில் போட்டு ஆளுங்க. ரூஸ்வெல்ட் அணைன்னு பேர் சொன்னான். "மாமா, இது 1911-ல விவசாயத்துக்குன்னு கட்டி முடிச்ச அணை. இங்க இருந்த விவசாயிங்க அவங்க நிலத்தையே ஈடு வெச்சுதான் அரசாங்கத்துக்கிட்ட கடன் வாங்கினாங்க"ன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. மீன் பிடிக்க அங்க லைசென்ஸ் வேணுமாம். ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான்னு கணக்கும் உண்டாம்.

உடனே அண்ணன் மகன், "பாலைவனத்துலயே பண்றான் சித்தப்பா, நம்ம கிட்ட இல்லாத தண்ணியா?"ன்னு கேட்டான்.

அங்கதான் அவன் தப்பு பண்றான். அந்த அணை மலை இடுக்குல கட்டினது. ஆழம் அதிகம், வருசக் கணக்குல தண்ணி நிக்கும். நம்ம ஏரி அப்படி இல்ல. தாம்பாளம் மாதிரி பரந்து கெடக்கும், ஆழம் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில ரொம்பி கலங்கல் போகும். நவரைப் பட்டத்துக்கு மதகைத் திறந்தா, சித்திரையில அடி மண்ணு தெரியும். பெரிய ஏரின்னு பேர் வாங்கின மதுராந்தகம் ஏரிக்கே முழுக் கொள்ளளவு உயரம் 23.3 அடிதான். எங்க ஊர் சித்தேரியைப் பத்திச் சொல்லவே வேணாம். வருசா வருசம் காலியாகறதுக்குன்னே வெட்டி வெச்ச ஏரிங்க இதெல்லாம். தண்ணி கழனிக்குப் போனாத்தான் அதுக்குப் பேரு ஏரி.

படகு விடறவருக்கு என்ன வேணும்? தண்ணி நிக்கணும். எனக்கு என்ன வேணும்? தண்ணி போகணும். ரெண்டும் ஒரே மதகுல எப்படி நடக்கும்?

மீன் குத்தகையிலயே இதைப் பாத்துட்டோம். கட்லா, ரோகுன்னு குஞ்சு விட்டு வளத்தவருக்கு, கடைசியில தண்ணி சீக்கிரம் வடிஞ்சா மீன் பிடிக்க சுலபம். கழனியில கதிர் பால் பிடிக்கற நேரத்துல ராத்திரியோட ராத்திரியா மதகு திறந்து கெடக்கும். நீர்க்கட்டி காலையில போய்ப் பாத்துட்டுக் கத்துவாரு. எத்தனை வருசம் இந்தச் சண்டை! மீன்காரர் திறந்து விடுவாரு, படகுக்காரர் பூட்டு போடுவாரு. நடுவுல விவசாயி யார்கிட்ட போய் நிக்கறது?

அப்புறம் ஒரு விஷயம். போன வருசம் நவரைக்கு சேடை ஓட்டும்போது சேத்துக்குள்ள பீர் பாட்டில் கண்ணாடி என் கால்ல ஏறிடுச்சு. அஞ்சு தையல். நடவு நேரத்துல பத்து நாள் திண்ணையில உக்காந்திருந்தேன். கரையில குடிச்சிட்டு வாய்க்கால்ல வீசினது, தண்ணியோட கழனிக்கு வந்துடுச்சு. போட்டவன் கெட்டவனா இருக்கணும்னு அவசியம் இல்ல. அந்த வாய்க்கால் எங்க போகுதுன்னு அவனுக்குத் தெரியாது, அவ்ளோதான்.

இதைவிட பெரிய பயம் பள்ளம். ஏரிக்குள்ள சவுடு மண் எடுத்த இடமெல்லாம் கிணறு மாதிரி இருக்கு. கோடையில நாங்க பாத்திருக்கோம், அதனால எங்களுக்குத் தெரியும். வெளியாளுக்கு மேல தண்ணி ஒரே மாதிரிதான் தெரியும். பத்தடி வரைக்கும் முழங்கால் தண்ணி, பதினோராவது அடியில ஆள் முங்கும். மூணு வருசம் முன்ன ஒரு காலேஜ் பையன் செல்ஃபி எடுத்துக்கிட்டே உள்ள போயிட்டான். நானும் மாடு மேய்க்கற ஒருத்தரும் வேட்டியை அவுத்து வீசி இழுத்தோம். பிழைச்சிட்டான். அவன் அம்மா போன்ல அழுத அழுகை இப்பவும் என் காதுல இருக்கு. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கி அந்தப் பக்கம் போனது தற்செயல். கிராம சபை மனுவுல உயிர் காக்கற ஆளுக்குச் சம்பளம்னு ஒரு வரி இல்ல.

வராதீங்கன்னு சொல்லல. வேடந்தாங்கலைப் பாருங்க. 30 எக்டேர் அளவுதான் ஏரி. அங்க படகு கிடையாது. கரையில நடக்கறோம், கோபுரத்து மேல ஏறிப் பாக்கறோம், திரும்பறோம். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க நாரையைச் சுட்டப்போ ஊரே திரண்டு செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போச்சுன்னு சொல்வாங்க. 1798 வாக்குல லயோனல் பிளேஸ் துரை பறவைங்களுக்குக் காவலா எழுதிக் குடுத்தாரு. ஏரிகாத்த ராமர் கதையில வர்ற அதே துரைதான். பறவை எச்சம் கலந்த தண்ணி பாயற கழனிக்கு உரச் செலவு குறைவுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க. பாக்க வர்றவங்களும் வராங்க, நெல்லும் விளையுது.

படகுதான் ஆசைன்னா உப்புத் தண்ணிக்குப் போங்க. முட்டுக்காடு இருக்கு, 1984-ல இருந்து சுற்றுலாத் துறை படகு விடுது. மாமல்லபுரம் தாண்டித் தெக்கே போனா முதலியார்குப்பம். ரெண்டும் கழிமுகத் தண்ணி. அதை நம்பி யாரும் நாத்து விடல. லைஃப் ஜாக்கெட் குடுக்கறாங்க, கூட ஆள் வராங்க.

அண்ணன் மகன் பக்கமும் ஞாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். டிப்ளமா படிச்சிட்டு மறைமலை நகர்ல ஒப்பந்த வேலை. வர்ற சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போவுது. "கழனியில நீங்க சம்பாரிச்சது எவ்ளோ சித்தப்பா?"ன்னு ஒரு நாள் கேட்டான். பதில் சொல்லல நான். எங்க கொல்லையில நாலு தென்னை நிழல் இருக்கு, அங்க கூடாரம் போடு, வர்றவங்களுக்கு வேர்க்கடலை அவிச்சுக் குடு, கரையில நடத்திக் கூட்டிட்டுப் போய் மதகு, கலங்கல் எல்லாம் காட்டு, காசு வாங்கிக்கோன்னு சொல்லிப் பாத்தேன். "தண்ணியில எறங்காம எவன் சித்தப்பா வருவான்?"ங்கறான்.

நீங்க வருவீங்களா மாட்டீங்களா? கீழே எழுதுங்க. அதை அவன்கிட்ட காட்டணும். 26-ந்தேதி அவன் மனு குடுத்தா நான் எழுந்து வேணாம்னு பேசத்தான் போறேன். அண்ணிக்கு இப்பவே என் மேல வருத்தம். பொங்கலுக்குக் கூட வீட்டுப் பக்கம் வரல.