சுண்டெலிகள் குணமடைந்த செய்தி



என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் ஒரு நாளிதழ்த் துணுக்கைக் கொண்டுவந்து காட்டினார். நரம்பு மண்டல நோய்க்குப் புதுவகை மருந்து, சுண்டெலிகள் குணமடைந்தன என்றிருந்தது. அவருடைய மகளுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். “ஹஜ்ரத், இது நம்மூருக்கு எப்போது வரும்?” என்று கேட்டார். நான் கலைப் பட்டதாரி. மருத்துவம் என் துறையன்று. படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

இந்நோயில், உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மையலின் உறையைத் தாக்குகின்றன. மேலுறை கிழிந்த மின்கம்பிபோல் நரம்பு பழுதுபடும். பார்வை மங்கும்; கால் தளரும். இளம் பெண்களையே இது அதிகம் பற்றுகிறது. ஆய்வுக்கூடத்தில் மையலின் புரதத் துணுக்கை ஊசிவழிச் செலுத்தி, சுண்டெலிகளுக்கு இதையொத்த நோயை உண்டாக்குகிறார்கள். இரண்டொரு வாரத்தில் முதலில் வால் தொய்ந்து விழும்; பிறகு பின்னங்கால்கள் செயலிழக்கும்.

சரி, அந்த மருந்து என்ன செய்கிறது? மக்தபில் குழந்தைகள் ஓதும் அரபு எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். எழுத்து அதுவே, ஸபரோ ஸேரோ இட்டால் ஒலிப்பு மாறுகிறது, ஸுகூன் இட்டால் உயிரொலி அடங்கிவிடுகிறது. நம் மரபணுக்களுக்கும் இத்தகைய குறிகள் உண்டு. உயிரணுவுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. அவற்றின்மேல் அசிட்டைல் குறி இருந்தால் சுற்று தளர்ந்து மரபணு வாசிக்கப்படும். ஒரு நொதி அக்குறியை அகற்றினால் சுற்று இறுகி வாசிப்பு நின்றுபோகும். துணுக்கில் கண்ட மருந்து அந்நொதியைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. அவ்வகையில் டிரைக்கோஸ்டாட்டின்-ஏ என்பதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. தண்டுவட அழற்சி தணிந்தது. மையலின் இழப்பும் நரம்பிழைகளின் அழிவும் குறைந்தன. எழுத்தைத் தொடாமல் குறியை மாற்றியே இவ்வளவு!

ஆனால் எலி மனிதனன்று. டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருளைத் தடுத்தபோதும் எலிகள் நலம் பெற்றன. அந்த நம்பிக்கையில் லெனர்செப்ட் என்ற மருந்தை 168 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1999இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களுக்கே நோய்த் தாக்குதல் மிகுந்திருந்தது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டும் அதே நொதியைத் தடுக்கிறது என்பது 2001இல் தெரியவந்தது. கடையில் கிடைக்கிறதே என்று எவரும் அதைத் தாமாக உட்கொள்ளலாகாது. கருவுற்ற பெண் உட்கொண்டால் சிசுவின் முதுகுத்தண்டும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படக்கூடும்.

இவ்வளவும் கேட்ட பின், “செலவு தாளவில்லை, புது மருந்து வரும்வரை இப்போது போடும் ஊசியை நிறுத்தி வைக்கலாமா?” என்றார் அத்தாயார். நிறுத்தவே வேண்டாம், இத்துணுக்கையும் செலவுக் கஷ்டத்தையும் நரம்பியல் மருத்துவரிடமே சொல்லுங்கள் என்றேன். துணுக்கை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.